கிடங்கில் கிடந்த ஃபைபர் குழாய்: பொருத்தும் முன் பார்க்க வேண்டியவை

ஃபைபர் கிளாஸ் (எஃப்.ஆர்.பி.) குழாய் துருப்பிடிக்காது. இந்த ஒரு குணத்தாலேயே அது கிடங்கில் கவனிப்பாரற்றுக் கிடக்கிறது. இரும்புக் குழாயைத் தார்ப்பாய் போட்டு மூடுகிறவர்கள்கூட எஃப்.ஆர்.பி. குழாயை வேலியோரம் வெயிலில் அடுக்கிவிடுகிறார்கள். இரண்டு மூன்று வருடம் கழித்து அவசரத் தேவை வரும்போது அதை எடுத்து நேராக லைனில் சேர்க்கிறார்கள். குழாயில் அச்சிட்டிருக்கும் அழுத்தமும் வெப்பநிலையும் அது ஆலையை விட்டு வெளியேறிய நாளுக்கு உரியவை. இடையில் வெயிலும் மழையும் கிரேன் கொக்கியும் அதற்கு என்ன செய்தன என்பதைச் சான்றிதழ் சொல்லாது, சோதனைதான் சொல்லும்.

தொழிற்சாலைகளில் மிகுதியாகப் புழங்கும் ஒரு குழாய் இங்கே உதாரணமாக எடுத்துக்கொள்ளப்படுகிறது: கண்ணாடி இழையைச் சுற்றிச் செய்தது; வினைல் எஸ்டர் ரெசின்; உள்விட்டம் 300 மி.மீ., நீளம் 6 மீட்டர், அழுத்தத் தரம் 10 பார். நீர்த்த அமிலமோ உப்பு மிகுந்த கழிவுநீரோ அதில் ஓட வேண்டும். மற்ற அளவுகளுக்கும் வேலை வரிசை இதுவே, எண்கள் மட்டும் மாறும்.

சுவரின் மூன்று அடுக்குகள்

சோதனைக்குத் தேவையான அளவு மட்டும் தெரிந்தால் போதும். குழாயின் உட்புறம் லைனர். அதில் முதலில் 0.25 முதல் 0.5 மி.மீ. வரை தடிமனுள்ள, ‘வெயில்’ (veil) எனப்படும் மெல்லிய துணி, பெரும்பங்கு ரெசினுடன் இருக்கும். அதன் பின்னால் நறுக்கிய இழைப் பாய். இரண்டும் சேர்ந்து வழக்கமாக 2.5 மி.மீ. அளவில் வரும். அதற்கு வெளியே சுற்றிய இழைகளாலான கட்டுமான அடுக்கு. எல்லாவற்றுக்கும் மேலே வெயிலைத் தடுக்க ஒரு ரெசின் பூச்சு.

அழுத்தத்தைத் தாங்குவது கட்டுமான அடுக்கு. அமிலத்தைத் தடுப்பது லைனர். இவ்விரண்டு வேலைகளையும் ஒன்றாக எண்ணுவதுதான் பெரும்பாலான தவறுகளின் வேர். லைனரில் கீறல் விழுந்த குழாய், தண்ணீர் அழுத்தச் சோதனையில் ஒரு சொட்டுக்கூடக் கசியாமல் தேறிவிடும். பிறகு அமிலம் ஓடத் தொடங்கியதும் அந்தக் கீறல் வழியே இழைகளை அடையும். சாதாரண ஈ-கிளாஸ் இழை, இழுவிசை தாங்கி நிற்கும் நேரத்தில் நீர்த்த கந்தக அமிலம் பட்டால் வலுவிழந்து ஒடியும். போரான் இல்லாத ஈ.சி.ஆர். கிளாஸ் அதைவிட வெகுவாகத் தாங்கும். ஆனால் எந்த இழையும் லைனருக்கு மாற்று ஆகாது.

ஆகவே கண்ணால் பார்ப்பது முதலில், கடினத்தன்மை அடுத்து, தண்ணீர் அழுத்தம் கடைசியில். அழுத்தச் சோதனை தேறிவிட்டது என்று முதல் இரண்டையும் விட்டுவிடுவது இந்த வேலையில் நடக்கும் மிகப் பெரிய தவறு.

கிடப்பில் என்ன நேர்கிறது

வெயில் மேல்பூச்சைத் தின்னும். பளபளப்பு முதலில் போகும். பிறகு கையில் வெள்ளைப் பொடி ஒட்டும். கடைசியில் இழைகளே வெளியே தலைகாட்டி உள்ளங்கையில் நமைச்சல் தரும். பார்க்கப் பயமாக இருந்தாலும் இந்தச் சேதம் பெரும்பாலும் மேலோட்டமானதுதான்.

மழைநீர் மூடியில்லாத முனைகள் வழியே உள்ளே தேங்கும். அறுத்த முனைக்கு ரெசின் பூசாமல் விட்டிருந்தால், இழைகளை ஒட்டி ஈரம் சுவருக்குள் ஊர்ந்து ஏறும். ஐப்பசி, கார்த்திகை மழை இரண்டு முறை பார்த்த குழாயில் அறுத்த முனையை முதலில் பார்க்க வேண்டும்.

அடுக்கின் பாரம் அடி வரிசைக் குழாயை நசுக்கி முட்டை வடிவாக்கும். கல் மேட்டில் நேரடியாகக் கிடந்த குழாயில் ஒரே புள்ளியில் பாரம் இறங்கியிருக்கும்.

இவை எல்லாவற்றையும்விட ஆபத்தானது அடிபடுதல். நம் உதாரணக் குழாய் சுவர் தடிமனைப் பொறுத்து 80 முதல் 100 கிலோ வரைதான் எடை இருக்கும். நாலு பேர் தூக்கிவிடலாம் என்பதாலேயே அது அடிக்கடி கீழே போடப்படுகிறது. வெளியே ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு வெண்மையான ஒரு தழும்பு, அவ்வளவுதான் தெரியும். அடி விழுந்த இடத்தில் சுவர் உள்நோக்கி வளைந்து திரும்பியிருக்கும். வளைவின் இழுவிசை முழுதும் லைனரின் மேல் விழுந்து, அங்கே நட்சத்திர வடிவில் கீறல்கள் பிறந்திருக்கும். வெளித் தழும்பைத் துடைத்துப் பூச்சு அடித்துவிட்டால் உள்ளே இருப்பதை யாரும் தேடமாட்டார்கள்.

பாதுகாப்பு

* கையுறை, கண்ணாடி, முழுக்கைச் சட்டை எப்போதும் வேண்டும். தேய்க்கும், அறுக்கும் வேலைக்குத் தூசி வடிகட்டும் முகக்கவசம் கட்டாயம். கைக்குட்டை கட்டிக்கொள்வது போதாது.
* நெடுநாள் கிடந்த குழாய்க்குள் கையையோ தலையையோ விடும் முன் இரு பக்கமிருந்தும் டார்ச் அடித்து நீளக் கம்பால் தட்ட வேண்டும். பாம்பு, தேள், குளவிக்கூடு மூன்றுமே யார்டுக் குழாய்களில் சாதாரணம்.
* ஆள் நுழையும் அளவுள்ள குழாய் மூடிய இடமாகக் கருதப்பட வேண்டும். பிராணவாயு அளவைச் சோதிக்காமல், வெளியே ஒருவர் காவல் இல்லாமல் நுழையக் கூடாது. உள்ளே அசிட்டோன் பயன்படுத்தவே கூடாது.
* அழுத்தச் சோதனை தண்ணீரில் மட்டும். சுருக்கிய காற்று, அதே அழுத்தத்திலுள்ள தண்ணீரைவிட நூற்றுக்கணக்கான மடங்கு ஆற்றலைத் தேக்கி வைத்திருக்கும். குழாய் உடைந்தால் தண்ணீர் பீய்ச்சி அடித்து அடங்கிவிடும். காற்று துண்டுகளை வீசி எறியும்.

வேண்டிய பொருட்கள்

வெள்ளை, கறுப்புத் துணி ஒவ்வொன்று, மென்சோப்பு, அடையாளக் குச்சி, நல்ல டார்ச், சிறு கண்ணாடி அல்லது கம்பியில் கட்டிய கேமரா, பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், நீல மை, அளவுநாடா, காலிப்பர், அசிட்டோன், கடினத்தன்மை அளக்கும் பார்கோல் கருவி, சான்றளித்த பிரஷர் கேஜ் இரண்டு, ஒரு நோட்டு. இவற்றில் மிகவும் பயன்படுவது டார்ச்சும் நோட்டும்தான்.

முதல் கட்டம்: காகிதம்

1. குழாயில் அச்சான எண், தயாரித்த தேதி, அழுத்தத் தரம் ஆகியவற்றை நோட்டில் எழுதிக்கொள்ள வேண்டும். எழுத்து மங்கியிருந்தால் ஈரத்துணியால் துடைத்துச் சாய்வாக வெளிச்சம் அடித்தால் பெரும்பாலும் தெரியும்.
2. அதே எண்ணுள்ள டெஸ்ட் சர்டிபிகேட்டை எடுத்து ரெசின் வகை, இழை வகை, வெயில் துணி, லைனர் தடிமன், வெப்பநிலை வரம்பு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.
3. ஓடப்போகும் திரவத்தோடு அவற்றைப் பொருத்திப் பார்க்க வேண்டும். காஸ்டிக், சோடியம் ஹைப்போகுளோரைட், ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் ஆகியவற்றுக்கு உள்முகத்தில் கண்ணாடி வெயிலுக்குப் பதில் செயற்கை இழை வெயில் போடுவது வழக்கம். மீதம் கிடந்த குழாயை வேறு திரவத்துக்கு மாற்றிப் பயன்படுத்தும்போது பெரும்பாலான தவறு இந்த இடத்தில்தான் நடக்கிறது.
4. சான்றிதழ் கிடைக்காவிட்டால் அந்தக் குழாய் ‘தெரியாத குழாய்’. அதை அமில வேலைக்கு எடுக்கக் கூடாது. நிறத்தை வைத்தோ மணத்தை வைத்தோ ரெசினைச் சொல்லிவிட முடியாது.

இரண்டாம் கட்டம்: இறக்குதல், கழுவுதல்

1. அடுக்கின் மேல் வரிசையிலிருந்து தொடங்க வேண்டும். பக்கக் கட்டைகளை அகற்றும் முன் அடுத்த வரிசை உருளாதபடி ஆப்பு வைக்க வேண்டும்.
2. நைலான் பெல்ட் போட்டு இரண்டு இடத்தில் தூக்க வேண்டும். கம்பிக் கயிறு, சங்கிலி, முனையில் மாட்டும் கொக்கி எதுவும் கூடாது.
3. எந்த வரிசையில் கிடந்தது, வெயில் பட்ட பக்கம் எது, தரையைத் தொட்ட பக்கம் எது என்று குழாயிலேயே குறிக்க வேண்டும். பிறகு இந்தக் குறிகள் மிகவும் உதவும்.
4. இறக்கும்போது இடித்துவிட்டால் உடனே அந்த இடத்தை வட்டமிட வேண்டும். வேலையாளைத் திட்டினால் அடுத்த முறை அவர் சொல்லமாட்டார். சொன்னவரைப் பாராட்டுவதுதான் சோதனைக்கு நல்லது.
5. உள்ளும் புறமும் மென்சோப்பு நீரில் கழுவி, மெல்லிய துணியால் துடைத்து, ஓர் இரவு நிழலில் காயவைக்க வேண்டும். கம்பி பிரஷ், தகடு எதனாலும் சுரண்டக் கூடாது.

மூன்றாம் கட்டம்: வெளிப்புறம்

குழாயைக் கால் கால் சுற்றாக உருட்டி, ஒரு முனையிலிருந்து மறு முனை வரை நடந்து பார்க்க வேண்டும். வெயில் பட்ட பக்கத்தைக் கறுப்புத் துணியால் அழுத்தித் தேய்த்தால் துணியில் வெண்பொடி ஒட்டுகிறதா என்பது தெரியும். பொடி மட்டும் என்றால் பூச்சுதான் போயிருக்கிறது. இழைகள் தெரிந்தால் லென்ஸ் வைத்து, அவை முழுதாக இருக்கின்றனவா ஒடிந்திருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும்.

கீறலின் குறுக்கே நகத்தை இழுத்துப் பார்ப்பது எளிய சோதனை. நகம் தட்டாமல் போனால் அது பூச்சுக் கீறல். நகம் மாட்டி, அடியில் அறுந்த இழை தெரிந்தால் கட்டுமான அடுக்கு வெட்டுப்பட்டிருக்கிறது. கொப்புளம், கம்பிக் கயிறு அறுத்த தடம், வெண்தழும்பு எல்லாவற்றையும் வட்டமிட்டு எண் கொடுக்க வேண்டும். எந்தக் குறையை எந்த அளவு வரை ஏற்கலாம் என்பதற்கு ஏ.எஸ்.டி.எம். டி 2563 தரநிலை குறைகளை வகைப்படுத்தி வரம்பு தருகிறது. கொள்முதல் ஆவணத்தில் எந்தத் தரநிலை என்று சொல்லியிருக்கிறதோ அதுவே அளவுகோல்.

நான்காம் கட்டம்: உட்புறம்

சோதனையின் மையம் இதுதான். அரைமணி நேரம் கூடுதலாகச் செலவழிக்க முடிந்தால் அதை இங்கேதான் செலவழிக்க வேண்டும்.

1. வெளியே வட்டமிட்ட ஒவ்வொரு தழும்புக்கும் முனையிலிருந்து உள்ள தூரத்தையும், கடிகார முள் கணக்கில் அதன் திசையையும் எழுதிக்கொள்ள வேண்டும். உதாரணம்: ‘3-ஆம் தழும்பு, ‘அ’ முனையிலிருந்து 1 மீட்டர் 40, இரண்டு மணித் திசை.’
2. அதே தூரம், அதே திசையில் உட்புறத்தைப் பார்க்க வேண்டும். ‘அ’ முனையில் நின்று பார்க்கும்போது இரண்டு மணியில் இருப்பது, எதிர் முனையில் நின்றால் பத்து மணியில் இருக்கும். இதை மறந்து தவறான பக்கத்தைப் பார்த்து ‘சரியாக இருக்கிறது’ என்று எழுதிவிடுவது அடிக்கடி நடக்கிறது.
3. டார்ச்சை நேராக அடிக்கக் கூடாது. சுவரை ஒட்டிச் சாய்வாக அடித்தால்தான் மயிரிழைக் கீறல் நிழல் தரும்.
4. சந்தேகமான இடத்தில் நீர்த்த நீல மையைத் துணியால் தடவி, ஒரு நிமிடம் விட்டு, ஈரத்துணியால் துடைக்க வேண்டும். நல்ல லைனர் சுத்தமாகிவிடும். கீறல் இருந்தால் மெல்லிய நீலக் கோடு நிற்கும். ஒரு மையத்திலிருந்து நாலைந்து கோடுகள் பிரிந்தால் அது அடிபட்ட நட்சத்திரக் கீறல். அந்த இடத்தைப் பற்றி மேற்கொண்டு வாதிட வேண்டியதில்லை.
5. தழும்பு இல்லாத பகுதிகளையும் முழு நீளத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். தரையைத் தொட்டுக் கிடந்த கோட்டுக்கு நேர் உள்ளே தேங்கிய நீரின் தடமும் கொப்புளமும் இருக்கலாம்.

குறிப்பு: நிறமி கலக்காத குழாயில் உள்ளே வலுவான விளக்கை வைத்து வெளியே இருட்டில் நின்று பார்த்தால், சுவருக்குள் பிரிந்த அடுக்கும் காற்றுக் குமிழும் நிழலாகத் தெரியும். சூரியன் மறைந்த பிறகு செய்தால் தெளிவாகப் பார்க்கலாம்.

முனைகளும் தட்டல் சோதனையும்

முனைகள்தான் குழாயின் மெலிந்த இடம். கூம்பாகச் சீவிய முனையிலும் மரை வெட்டிய முனையிலும் இழைகள் வெளியே தெரியும். சிறு சில்லு போனாலும் பிணைப்பு கசியும். அறுத்த முகப்பைச் சுற்றிலும் லென்ஸ் வைத்துப் பார்த்து, அடுக்குகளுக்கிடையே கோடாகப் பிளவு இருக்கிறதா என்று தேட வேண்டும். பிளவு இருந்தால் அது முடியும் இடம் வரை, அதற்கும் சற்று மேலே, அறுத்து எடுக்க வேண்டும். புது முகப்புக்கு உடனே ரெசின் பூச வேண்டும்.

அடுக்குப் பிரிந்த இடத்தைக் காது கண்டுபிடிக்கும். மண்பானை வாங்குகிறவர் விரலை மடக்கித் தட்டிப் பார்ப்பதுபோல, ஒரு நாணயத்தால் அல்லது பிளாஸ்டிக் தலைச் சுத்தியலால் 5 செ.மீ. இடைவெளியில் தட்டிக்கொண்டே போக வேண்டும். நல்ல சுவர் ‘ணங்’ என்று தெளிவாக ஒலிக்கும். அடுக்குப் பிரிந்த இடம் ‘பொத்’ என்று அடங்கும். குழாயை மரக்கட்டை மேல் வைத்துத் தட்ட வேண்டும். மணல்மேல் கிடக்கும் குழாய் எங்கே தட்டினாலும் பொத்தென்றே ஒலிக்கும்.

அளவுகள்

இரு முனைகளிலும் நடுவிலும் உள்விட்டத்தை மேலும் கீழுமாக ஒருமுறை, பக்கவாட்டில் ஒருமுறை அளக்க வேண்டும். 300-க்கு 294-உம் 306-உம் வந்தால் குழாய் செங்குத்தாக 2 சதவீதம் நசுங்கியிருக்கிறது. இவ்வளவு நசுங்கல் ரப்பர் ரிங் பிணைப்பிலோ சிமென்ட் பிணைப்பிலோ சிக்கல் தரும். ஏற்கத்தக்க வரம்பைத் தயாரிப்பாளரின் வரைபடத்திலிருந்து எடுக்க வேண்டும். நீளமான பக்கம் செங்குத்தாக வரும்படி உருட்டி, பாரம் ஏற்றாமல் சில நாள் விட்டால் நசுங்கலில் ஒரு பகுதி மீளும். ஜாக்கி போட்டு வட்டமாக்க முயலக் கூடாது. அந்த முயற்சியிலேயே லைனர் வெடிக்கும்.

ஐந்தாம் கட்டம்: அசிட்டோனும் பார்கோலும்

ரெசின் முழுமையாக இறுகியிருக்கிறதா என்பதை இரண்டு சோதனைகள் சொல்லும். முதலாவது எளிது. மெழுகும் தூசியும் நீக்கிய இடத்தில் சில சொட்டு அசிட்டோன் விட்டு, அது ஆவியாகும் வரை விரலுறையால் தேய்க்க வேண்டும். மேற்பரப்பு பிசுபிசுத்தால் இறுக்கம் போதவில்லை. நெருப்பு, கிரைண்டர், சிகரெட் எதுவும் அருகில் இருக்கக் கூடாது.

இரண்டாவது, ஏ.எஸ்.டி.எம். டி 2583 சொல்லும் பார்கோல் கடினத்தன்மைச் சோதனை.

1. கருவியை முதலில் கண்ணாடித் தகட்டில் அழுத்தினால் 100 காட்ட வேண்டும். பிறகு கூடவே தரப்படும் அலுமினிய வில்லைகளில் பொறித்த எண்ணைக் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் சரிசெய்யாமல் தொடங்கக் கூடாது.
2. குழாய் அறை வெப்பத்தில் இருக்க வேண்டும். உச்சி வெயிலில் கை வைக்க முடியாத சூட்டில் அளந்தால், நல்ல குழாயும் மென்மையாகக் காட்டும்.
3. கருவி ஆடாமல் செங்குத்தாக நிற்க வேண்டும். சிறு விட்டக் குழாயின் வளைவில் இதற்குத் தனிக் கவனம் வேண்டும்.
4. பத்து இடத்தில் அளந்து, பெரிய இரண்டையும் சிறிய இரண்டையும் நீக்கி, மீதி ஆறின் சராசரியை எடுப்பது நடைமுறை. ஊசி இழைமேல் பட்டால் எண் கூடும், குமிழ்மேல் பட்டால் குறையும், நீக்குவது அதனால்தான்.

ஓர் உதாரணம்: 36, 38, 31, 40, 37, 35, 42, 36, 28, 38. இதில் 28, 31, 40, 42 நீங்க, மீதி ஆறின் கூட்டுத்தொகை 220, சராசரி 36.7. ரெசின் தயாரிப்பாளர் சொல்லும் எண் 40 என்றால், வழக்கமான வரம்பு அதன் 90 சதவீதமான 36. குழாய் தேறுகிறது. செயற்கை இழை வெயில் போட்ட உள்முகம் இயல்பாகவே குறைத்துக் காட்டும். அதைக் குறை என்று எழுதக் கூடாது.

பார்கோல் ரெசினின் இறுக்கத்தை மட்டும் சொல்கிறது. நட்சத்திரக் கீறலின் அருகிலேயே அளந்தாலும் நல்ல எண் வரும்.

ரப்பர், கேஸ்கெட், பசை

குழாய்க்குக் காலாவதித் தேதி இல்லை, ஆனால் கூடவே கிடந்த பொருட்களுக்கு உண்டு. பாலியஸ்டர், வினைல் எஸ்டர் ரெசின் டிரம்கள் வழக்கமாக 3 முதல் 6 மாதம் வரைதான் தாங்கும். நம் ஊர் வெயிலில் அதற்கும் குறைவு. தேதி கடந்த ரெசினும் பசையும் வேண்டாம். ரப்பர் ரிங்கை மடித்துப் பிடித்து, மடிப்பின் வெளிப்புறத்தை லென்ஸில் பார்த்தால் ஓசோன் வெடிப்புகள் தெரியும். ஒரு வெடிப்பு தெரிந்தாலும் அந்தத் தொகுதி முழுவதையும் மாற்றுவதே நியாயம். குழாய் விலையோடு ஒப்பிட்டால் ரிங் விலை ஒன்றுமில்லை. இ.பி.டி.எம். ரப்பரில் கிரீஸ் தடவக் கூடாது. சோப்பு வகை மசகுதான் தடவ வேண்டும்.

பெரிய இருப்புக்கு ஆய்வகச் சோதனை

நூற்றுக்கணக்கில் குழாய் இருந்தால் ஒன்றிரண்டைத் தியாகம் செய்வது லாபம். மேல் வரிசையில் வெயில் தின்றதிலிருந்து ஒன்றும், அடி வரிசையில் நசுங்கியதிலிருந்து ஒன்றும் எடுக்க வேண்டும். நன்றாக இருப்பதைத் தேர்ந்து அனுப்பினால் சோதனைக்கே பொருளில்லை. ஆய்வகத்தில் ஒரு துண்டை 565 டிகிரி செல்சியஸ் உலையில் எரிப்பார்கள். ரெசின் போய் இழை மட்டும் மிஞ்சும். எடை போட்டால் விகிதம் தெரியும், அடுக்குகளைப் பிரித்து எண்ணினால் சான்றிதழ் சொன்ன கட்டுமானம் உண்மையா என்பதும் தெரியும். சென்னை கிண்டியைத் தலைமையிடமாகக் கொண்ட சிப்பெட் போன்ற பிளாஸ்டிக் ஆய்வு நிறுவனங்களை இதற்கு அணுகலாம்.

ஆறாம் கட்டம்: தண்ணீர் அழுத்தச் சோதனை

முதல் ஐந்து கட்டங்களிலும் தேறிய குழாய்க்கு மட்டுமே இது. ஏ.எஸ்.எம்.இ. பி 31.3 விதியின்படி சோதனை அழுத்தம் வடிவமைப்பு அழுத்தத்தைப்போல் 1.5 மடங்குக்குக் குறையக் கூடாது. 10 பார் லைனுக்கு அது 15 பார். ஃபிளேஞ்சுக்கும் வால்வுக்கும் உரிய வரம்பையும் பார்த்த பிறகே அழுத்தத்தை முடிவு செய்ய வேண்டும்.

முதலில் விசையின் அளவை மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும். 300 மி.மீ. குழாயின் முனை மூடியின் மேல் 15 பார் அழுத்தம் சுமார் 106 கிலோநியூட்டன் விசையாக, அதாவது ஏறத்தாழ 10.8 டன் பாரமாகத் தள்ளும். ரப்பர் ரிங் பிணைப்பு இதைத் தாங்காது. முனைகளைப் பிடித்து நிறுத்தும் சட்டமோ நங்கூரத் தடுப்போ இல்லாமல் தொடங்கக் கூடாது. உள்ளே நிற்கும் தண்ணீர் மட்டும் 424 கிலோ. தாங்கிகள் குழாயை அகலமாக ஏந்த வேண்டும்.

1. எஃப்.ஆர்.பி. ஃபிளேஞ்சுக்கு முழுமுக ரப்பர் கேஸ்கெட்டும் போல்ட்டின் இரு பக்கமும் வாஷரும் போட்டு, எதிரெதிராக, டார்க் ரெஞ்சால் படிப்படியாக இறுக்க வேண்டும். நடுவில் மேடுள்ள இரும்பு ஃபிளேஞ்சோடு நேரடியாகச் சேர்த்து இறுக்கினால் ஃபைபர் ஃபிளேஞ்சின் கழுத்து வெடிக்கும்.
2. விடியற்காலையில் தொடங்குவது நல்லது. வெயில் ஏறி உள்ளிருக்கும் நீர் ஓரிரு டிகிரி சூடானாலே கேஜ் முள் கண்ணுக்குத் தெரியும்படி ஏறும். அதைச் சோதனை முடிவோடு குழப்பிக்கொள்ள நேரும்.
3. தாழ்ந்த முனையிலிருந்து மெதுவாக நீர் நிரப்ப வேண்டும். உயர்ந்த இடத்து ஏர் வென்ட்டில் குமிழில்லாமல் நீர் வழிந்த பிறகே மூட வேண்டும்.
4. பாதி அழுத்தத்தில் நிறுத்தி எல்லாப் பிணைப்புகளையும் பார்க்க வேண்டும். பிறகு சிறு சிறு படிகளாக ஏற்ற வேண்டும். சடசடவென்று ஒலி கேட்டால் இழையோ ரெசினோ உடைகிறது. உடனே நிறுத்தி அழுத்தத்தை இறக்க வேண்டும்.
5. முழு அழுத்தத்தை எட்டியதும் முள் சற்றே இறங்கும். குழாய்ச் சுவர் மெல்ல விரிவதால் இது இயல்பு. ஒருமுறை ஏற்றிச் சரிசெய்து, அதன் பிறகே நேரத்தை எண்ண வேண்டும். அதே விதிப்படி குறைந்தது 10 நிமிடம் நிறுத்த வேண்டும். எல்லா இடத்தையும் நடந்து பார்க்க ஒரு மணி நேரம் ஒதுக்குவது நல்லது.
6. கசிவு தெரிந்தால் அழுத்தத்தை முழுதும் இறக்கிய பின்னரே போல்ட்டில் கை வைக்க வேண்டும்.
7. காலி செய்யும்போது முதலில் மேல் வென்ட்டைத் திறக்க வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே வெற்றிடம் உண்டாகிப் பெரிய விட்டக் குழாய் உள்நோக்கி நசுங்கலாம்.

குறிப்பு: சுவர் வழியே ஊறும் கசிவு தாரையாக வராது. குழாய் வியர்த்ததுபோல் நுண்துளிகள் அரும்பும். ஆனால் ஆழ்குழாய்க் கிணற்று நீர் குளிர்ந்திருந்தால், கடலோரக் காற்றின் ஈரமும் இதேபோல் குழாயின்மேல் படியும். துடைத்துவிட்டுச் சில நிமிடம் காத்திருந்தால் வேறுபாடு தெரியும்: காற்றின் ஈரம் குழாய் முழுதும் சீராகப் படியும், கசிவு அதே புள்ளிகளில் மட்டும் திரும்ப வரும்.

முடிவு செய்தல்

பூச்சு மட்டும் போன குழாயை மென்மையாகத் தேய்த்து ரெசின் பூசி ஏற்றுக்கொள்ளலாம். முனைச் சேதத்தை அறுத்து நீக்கலாம். கட்டுமான அடுக்கின் ஆழமில்லாத வெட்டைத் தயாரிப்பாளரின் பழுதுமுறைப்படி, பயிற்சி பெற்றவரைக் கொண்டு மட்டும் சரிசெய்யலாம். அதன் பிறகு அழுத்தச் சோதனையை மறுபடி செய்ய வேண்டும். இந்த வேலையில் எம்.இ.கே.பி. வினையூக்கியையும் கோபால்ட் முடுக்கியையும் ஒருபோதும் நேரடியாகச் சேர்க்கக் கூடாது, வெடிக்கும். ஒன்றை ரெசினில் நன்றாகக் கலந்த பிறகே மற்றதைச் சேர்க்க வேண்டும்.

லைனர் கீறிய குழாய்க்கு அமில லைனில் இடமில்லை. கீறல் ஒரு முனைக்கு அருகில் இருந்தால் அந்தத் துண்டை அறுத்துவிட்டு மீதியை மறுபடி சோதித்துப் பயன்படுத்தலாம். நடுவில் இருந்தால் முழுக் குழாயும் கழிவு. விலை அதிகம், புதுசு வர மாதக்கணக்காகும் என்றெல்லாம் சொல்லி அதைக் காப்பாற்றப் பார்ப்பார்கள். அந்தப் பேச்சுக்கு இணங்கினால், பிறகு அமிலம் பீறிடும் இடத்தில் நிற்கப்போவது ஷிஃப்டில் இருக்கும் ஒரு தொழிலாளி.

ஒவ்வொரு குழாய்க்கும் நோட்டில் ஒரு பக்கம்: எண், கிடந்த வரிசை, தழும்புகளின் வரைபடம், விட்ட அளவுகள், பார்கோல் எண்கள் பத்தும், சோதனை அழுத்தமும் நேரமும், பார்த்தவர் கையெழுத்து. தேறிய குழாய்க்கு இரு முனைகளிலும் மூடி போட்டு, நிழலில், அகலக் கட்டைகளின் மேல் வைக்க வேண்டும்.

தேறாத குழாயை அன்றே குறுக்கே இரண்டாக அறுத்துவிட வேண்டும். ‘ரிஜெக்ட்’ என்று பெயிண்டில் எழுதி ஓரமாகப் போட்டால் இரண்டு கோடை வெயிலில் எழுத்து உதிர்ந்துவிடும். குழாய் மறுபடி அடுக்குக்குள் போய்விடும்.